பொதுமக்களிடம் திறந்துவிடப்படும் வேலை: கிரவுட்சோர்சிங் ஓர் எளிய அறிமுகம்

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வில் ஈடுபட்டிருந்த கெவின் ஷவின்ஸ்கி, ஒரு வார காலம் கணினித் திரையின் முன் அமர்ந்து ஏறத்தாழ 50,000 விண்மீன் திரள்களின் படங்களைத் தம் கண்ணாலேயே பார்த்து, இது சுருள் வடிவம், இது நீள்வட்ட வடிவம் என்று வகைபிரித்தார். அவருடைய ஆய்வுக்குத் தேவைப்பட்ட நுட்பத்துடன் அந்த வேலையைச் செய்துதரும் மென்பொருள் அன்று இல்லை. ஸ்லோன் வான் அளவாய்வுத் திட்டம் எடுத்துத் தந்திருந்த படங்களோ பத்து இலட்சத்தை நெருங்கின. ஒரு மனிதர் எத்தனை வாரங்கள்தாம் இப்படி உட்கார முடியும்? அவரும் வானியலாளர் கிறிஸ் லின்டாட்டும் இன்னும் சிலரும் சேர்ந்து 2007ஆம் ஆண்டு ஜூலை மாதம் ‘கேலக்ஸி ஜூ’ என்னும் இணையதளத்தைத் தொடங்கி, விருப்பமுள்ள எவரும் வந்து படங்களைப் பார்த்து வகைபிரிக்கலாம் என்று அறிவித்தனர். தொடங்கிய 24 மணி நேரத்திற்குள் மணிக்கு ஏறத்தாழ 70,000 என்ற வேகத்தில் விடைகள் வந்து குவிந்தன. முதல் ஓராண்டில் 1,50,000க்கும் மேற்பட்டோர் ஐந்து கோடிக்கும் அதிகமான வகைப்பாடுகளைச் செய்து தந்தனர்.

இவ்வாறு ஒரு நிறுவனம் தன் ஊழியர்களைக் கொண்டோ ஒப்பந்தக்காரரைக் கொண்டோ செய்விக்கக்கூடிய ஒரு வேலையை, தனக்கு முன்பின் அறிமுகமில்லாத பெருந்தொகையான மக்களிடம் திறந்த அழைப்பாக விடுத்துச் செய்வித்துக்கொள்வதே கிரவுட்சோர்சிங் எனப்படுகிறது. அமெரிக்க இதழாளர் ஜெஃப் ஹவ் 2006ஆம் ஆண்டு ‘வயர்டு’ இதழில் எழுதிய கட்டுரையின் வழியாக இச்சொல் பரவியது. கருத்துக்கணிப்பில் மக்களின் எண்ணம் மட்டும் கேட்கப்படுகிறது. இங்கே அவர்களிடமிருந்து செய்து முடித்த வேலையோ ஒரு தீர்வோ பெறப்படுகிறது. அயற்பணி (அவுட்சோர்சிங்) ஒப்பந்தத்தில் வேலையைச் செய்யப்போகிறவர் யார் என்பது முதலிலேயே முடிவாகிவிடும். இங்கே விடை வந்து சேரும்வரை அது யாரிடமிருந்து வரும் என்பது ஒருவருக்கும் தெரியாது.

பெயர்தான் புதிது. கடலில் செல்லும் கப்பல் தன் தீர்க்கரேகையை அறிவதற்கு ஒரு வழி கண்டுபிடிப்பவருக்கு 20,000 பவுண்டு வரை பரிசு என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1714இலேயே சட்டம் இயற்றியது. தீர்ப்புக் குழுவில் செல்வாக்குப் பெற்றிருந்த வானியலாளர்கள் வானத்து அளவீடுகளிலிருந்தே விடை வரும் என்று நம்பியிருக்க, தச்சரின் மகனாகப் பிறந்து கடிகாரம் செய்யக் கற்றுக்கொண்ட ஜான் ஹாரிசன், கப்பலின் ஆட்டத்திலும் பிசகாமல் ஓடும் ஒரு கடிகாரத்தைச் செய்துகாட்டினார். அதற்குரிய பணத்தைப் பெற அவர் முதுமை வரை போராட வேண்டியிருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக ஜேம்ஸ் மரே 1879இல் வெளியிட்ட வேண்டுகோளும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். நூல்களைப் படித்து, சொற்கள் ஆளப்பட்ட இடங்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி அனுப்புமாறு அவர் பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார், அவை இலட்சக்கணக்கில் வந்து சேர்ந்தன. இணையம் வந்த பிறகு நேர்ந்த மாற்றம் என்னவென்றால், அழைப்பு விடுப்பதற்கும் விடையைத் திரும்பப் பெறுவதற்கும் ஆகும் செலவு ஏறத்தாழ இல்லாமல் போனதுதான்.

பயிற்சி பெறாத ஆயிரம் பேரின் விடையை ஓர் அறிவியலாளர் எந்தத் துணிவில் ஏற்றுக்கொள்கிறார் என்பது, இதை முதன்முறையாகக் கேள்விப்படுகிறவர் எழுப்ப வேண்டிய நியாயமான ஐயம். 1906ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிளிமத் நகரில் நடந்த கால்நடைக் கண்காட்சியில், ஓர் எருதை அறுத்துத் துப்புரவு செய்த பின் அதன் எடை எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கும் போட்டி நடந்தது. படிக்கத்தக்க 787 சீட்டுகளை வாங்கி ஆராய்ந்த ஃபிரான்சிஸ் கால்டன், அவற்றை வரிசைப்படுத்தியபோது நடுவில் நின்ற இடைநிலை மதிப்பு 1,207 பவுண்டு என்று கண்டார். உண்மையான எடை 1,198 பவுண்டு. தனித்தனியே பார்த்தால் பலர் வெகுவாகத் தவறியிருந்தார்கள். ஆனால் சிலர் கூட்டியும் சிலர் குறைத்தும் தவறியதால், அந்தத் தவறுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டன.

இந்த ஈடுசெய்தல் நிகழ இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒருவர் விடையைப் பார்த்து மற்றவர் எழுதக் கூடாது; எல்லோரும் ஒரே திசையில் தவறுகிறவர்களாகவும் இருக்கக் கூடாது. முதல் நிபந்தனையைக் காப்பது எளிது. கேலக்ஸி ஜூவில் ஒரே படம் பலரிடம் தனித்தனியாகச் சென்றது, ஒருவர் தந்த விடை அடுத்தவருக்குக் காட்டப்படவில்லை. இரண்டாவது நிபந்தனைதான் தொல்லை தருவது. சுருள் விண்மீன் திரள்கள் எந்தத் திசையில் சுழல்கின்றன என்ற கேள்விக்கு வந்த விடைகளைக் கூட்டிப் பார்த்தபோது, கடிகார எதிர்த்திசையில் சுழல்பவை சற்று மிகுதி என்று தெரிந்தது. அது உண்மையாக இருந்திருந்தால் பேரண்டத்தைப் பற்றிய அடிப்படைக் கொள்கைகளையே மறுபரிசீலனை செய்ய நேர்ந்திருக்கும். ஆய்வாளர்கள் அவசரப்படாமல், படங்களில் ஒரு பகுதியைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பி மீண்டும் அதே மக்களிடம் அனுப்பினர். திருப்பிய படங்களிலும் கடிகார எதிர்த்திசையே கூடுதலாகச் சொல்லப்பட்டது. சாய்வு வானத்தில் இல்லை, பார்ப்பவர்களிடம் இருக்கிறது என்பது அதனால் உறுதியாயிற்று. நூறு பேர் போதாதென்று இலட்சம் பேரைச் சேர்த்திருந்தாலும் இந்தத் தவறு மறைந்திருக்காது. பல்கலைக்கழகங்கள் இத்துறைக்குத் தந்த கொடைகளுள் மிகச் சிறந்தது இந்த ஐயுறவு மனப்பான்மையே என்று நான் கருதுகிறேன். வணிக நிறுவனங்களின் கிரவுட்சோர்சிங் முயற்சிகளில் இது அரிதாகவே காணப்படுகிறது.

மனிதக் கண் இயந்திரத்தைவிடக் கூடுதலாக ஒன்றைச் செய்கிறது: கேட்கப்படாததையும் அது கவனிக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்க்கெல், தமக்குக் காட்டப்பட்ட ஒரு விண்மீன் திரளை வகைபிரிப்பதோடு நில்லாமல், அதன் அருகே தெரிந்த விளங்காத ஒளிக்கறை என்னவென்று கேட்டார். அருகிலிருந்த விண்மீன் திரளின் நடுவே முன்பு கொழுந்துவிட்டு எரிந்து பின்னர் மங்கிப்போன குவாசர் என்னும் பேரொளி மையத்தின் ஒளியால் சுடர்விடும் வாயு மேகம் அது என்று பிற்பாடு தெரியவந்தது. ஹபிள் தொலைநோக்கியும் அதை நோக்கித் திருப்பப்பட்டது. வானியலில் அது இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. கேலக்ஸி ஜூ பின்னர் ‘ஜூனிவெர்ஸ்’ என்னும் பொதுத் தளமாக விரிந்து, பெங்குவின்களை எண்ணுவது முதல் பழைய கையெழுத்துப் படிகளைப் பெயர்த்தெழுதுவது வரை பல துறைகளுக்கும் இடமளித்தது.

இதுவரை சொன்னது சிறு வேலையைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வகை. பலரைத் தேடவிட்டு, அவர்களுள் சிறந்த ஒரு விடையைப் பொறுக்கி எடுக்கும் வகையும் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கரின் ஆய்வகமும் கணினியியல் துறையினரும் சேர்ந்து 2008இல் வெளியிட்ட ‘ஃபோல்டிட்’ என்னும் விளையாட்டில், புரத மூலக்கூறின் சங்கிலியைத் திரையில் மடித்தும் முறுக்கியும் மிகக் குறைந்த ஆற்றலுள்ள வடிவத்தைக் கண்டறிகிறவர் மதிப்பெண் பெறுவார். குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயைத் தரும் ஒரு வைரசின் நொதி, பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தன் வடிவத்தை ஆய்வாளர்களிடம் காட்டாமல் இருந்தது. 2011இல் ஃபோல்டிட் விளையாட்டாளர்கள் மூன்றே வாரங்களில் அதற்குப் போதுமான மாதிரியை உருவாக்கித் தந்தனர். விளையாடியவர்களுள் பெரும்பாலோர் உயிர்வேதியியல் படித்தவர்கள் அல்லர். இங்கே சராசரிக்கு வேலை இல்லை. ஆயிரம் மோசமான மடிப்புகளின் சராசரி இன்னொரு மோசமான மடிப்பாகவே இருக்கும். வந்த விடை நல்லதா என்பதை மதிப்பெண் உடனுக்குடன் சொல்லிவிடுவதால்தான் இந்த ஏற்பாடு இயங்குகிறது. தீர்வு காண்பது கடினமாகவும் தீர்வைச் சரிபார்ப்பது எளிதாகவும் உள்ள சிக்கல்கள் இம்முறைக்கு மிகவும் ஏற்றவை.

பல்கலைக்கழகத்தில் பிறந்து வணிகத்திற்குச் சென்ற முயற்சிக்கு நாம் பலரும் அறியாமலேயே உழைத்திருக்கிறோம். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் வான் ஆன் குழுவினர் 2007இல் உருவாக்கிய ‘ரீகேப்ட்சா’, இணையதளத்திற்குள் நுழைபவர் மனிதர்தாம் என்று உறுதி செய்வதற்காக நெளிந்த எழுத்துகளில் இரண்டு சொற்களைக் காட்டியது. அவற்றுள் ஒன்றின் விடை ஏற்கெனவே தெரியும். மற்றொன்று, பழைய நாளிதழ்களையும் நூல்களையும் மின்வடிவாக்கும்போது கணினியால் படிக்க இயலாமற்போன சொல். தெரிந்த சொல்லைச் சரியாகத் தட்டியவரின் மற்ற விடையும் நம்பத்தக்கது என்று கொண்டு, பலரின் விடைகள் ஒத்துவந்ததும் அந்தச் சொல் உறுதி செய்யப்பட்டது. இவ்வழியில் கிடைத்த துல்லியம் 99 விழுக்காட்டைத் தாண்டியது. கூகுள் 2009இல் இதை வாங்கிக்கொண்டது. சரிபார்க்கும் வழியை வேலைக்குள்ளேயே புதைத்துவைத்த திறமை வியக்கத்தக்கது. ஆனால் தட்டியவர்களுள் எத்தனை பேருக்குத் தாங்கள் ஒரு நூலகத்திற்காக வேலை செய்கிறோம் என்பது தெரிந்திருக்கும் என்று எண்ணும்போது சற்று நெருடவும் செய்கிறது.

வணிக நிறுவனங்களின் பக்கம் வந்தால், அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது கனடாவின் கோல்ட்கார்ப் என்னும் சுரங்க நிறுவனத்தின் கதை. ஒன்டாரியோ மாநிலத்தில் ரெட் லேக் என்ற இடத்தில் இருந்த தங்கச் சுரங்கத்தில் அடுத்து எங்கே தோண்டுவது என்பது தெளிவாகாத நிலையில், அதன் தலைவர் ராப் மெக்யூவன் 2000ஆம் ஆண்டு தம் நிறுவனத்தின் நிலவியல் தரவுகளை இணையத்தில் வெளியிட்டு, தோண்ட வேண்டிய இடங்களைக் காட்டுபவர்களுக்கு மொத்தம் 5,75,000 டாலர் பரிசு அறிவித்தார். சுரங்கத் தொழிலில் நிலவியல் தரவு என்பது பூட்டி வைக்கப்படும் பொருள் என்பதால், இது அவருடைய நிறுவனத்திற்குள்ளேயே அதிர்ச்சியை உண்டாக்கியது. பல நாடுகளிலிருந்து நிலவியலாளர்கள் மட்டுமன்றிக் கணிதமும் கணினி வரைகலையும் அறிந்தவர்களும் விடை அனுப்பினர். அவர்கள் காட்டிய 110 இடங்களில் பாதி நிறுவனத்தார் முன்பு எண்ணிப் பாராதவை என்றும், அவற்றுள் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் தங்கம் கிடைத்தது என்றும் நிறுவனம் பின்னர் தெரிவித்தது. முதற்பரிசு, ரெட் லேக் சுரங்கத்தை நேரில் பார்த்திராத ஆஸ்திரேலியர்களுக்குச் சென்றது.

துறைக்கு வெளியே இருப்பவரிடமிருந்து விடை வருவது தற்செயல் அன்று என்பதற்குச் சான்று உண்டு. எலி லில்லி என்னும் மருந்து நிறுவனத்தின் ஆதரவில் 2001இல் தொடங்கிய இன்னோசென்டிவ், நிறுவனங்கள் தங்கள் ஆய்வகங்களில் தீர்க்க முடியாத சிக்கல்களைப் பரிசுத்தொகையுடன் வெளியிடும் சந்தையாக இயங்கியது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் கரீம் லக்கானியும் அவருடன் பணியாற்றியவர்களும் அதில் வெளியான 166 சிக்கல்களை ஆராய்ந்து, அவற்றுள் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவானவை தீர்க்கப்பட்டன என்றும், ஒரு சிக்கல் தம் துறையிலிருந்து எந்த அளவுக்குத் தொலைவில் இருந்ததோ அந்த அளவுக்கு ஒருவர் அதைத் தீர்க்கும் வாய்ப்பு கூடியிருந்தது என்றும் கண்டனர். அலாஸ்காவில் கடலில் சிந்திய எண்ணெயை மீட்டுச் சேமிக்கும்போது அது குளிரில் இறுகி, குழாய் வழியே வெளியேற்ற முடியாமற்போனது. இதற்கான தீர்வை 2007இல் தந்தவர் எண்ணெய்த் தொழிலைச் சேராத ஒரு வேதியியலாளர். கான்கிரீட் கலவை இறுகாமல் இருக்கக் கட்டுமானத் தொழிலில் பயன்படும் அதிர்வுக் கருவியையே எண்ணெய்க்கும் பயன்படுத்தலாம் என்பது அவர் யோசனை; பரிசு 20,000 டாலர். கான்கிரீட் போடும் எந்த மேஸ்திரிக்கும் அந்தக் கருவி தெரியும், எண்ணெய்ப் பொறியாளர்களுக்குத்தான் அது தோன்றவில்லை. ஆனால் இதற்கு ஒரு முன்வேலை தேவைப்படுகிறது. துறைக்காரர் அல்லாதவருக்கும் புரியும்படி, துறைக் கலைச்சொற்களை நீக்கிச் சிக்கலை எழுதியாக வேண்டும். அப்படி எழுதும் உழைப்பை மிச்சப்படுத்த நினைக்கும் நிறுவனம் கூட்டத்தை அழைத்துப் பயனில்லை.

நெட்ஃபிளிக்ஸ் நடத்திய போட்டி வெற்றியையும் தோல்வியையும் ஒருசேரக் காட்டுகிறது. வாடிக்கையாளருக்குப் படங்களைப் பரிந்துரைக்கும் தன் மென்பொருளின் கணிப்பை 10 விழுக்காடு மேம்படுத்துபவர்களுக்குப் பத்து இலட்சம் டாலர் என்று அது 2006 அக்டோபரில் அறிவித்து, ஏறத்தாழ 4,80,000 வாடிக்கையாளர்கள் தந்திருந்த பத்துக் கோடி மதிப்பீடுகளைப் பெயர் நீக்கி வெளியிட்டது. ஏறத்தாழ மூன்றாண்டுப் போட்டிக்குப் பின் 2009இல் ஒரு கூட்டணி 10.06 விழுக்காட்டை எட்டி வென்றது; அதே அளவை எட்டிய மற்றொரு குழு விடையை 20 நிமிடம் தாமதமாக அனுப்பியதால் பரிசை இழந்தது. வென்ற முறையை நெட்ஃபிளிக்ஸ் முழுமையாகப் பயன்படுத்தவில்லை. அதை நடைமுறைப்படுத்தத் தேவைப்பட்ட பொறியியல் உழைப்புக்கு அந்தக் கூடுதல் துல்லியம் ஈடாகவில்லை என்பதுடன், நிறுவனமும் டிவிடி வட்டுகளை அஞ்சலில் அனுப்புவதிலிருந்து இணையவழி ஒளிபரப்புக்கு மாறிக்கொண்டிருந்தது. போட்டியின் இடைக்கட்டத்தில் கிடைத்த சில உத்திகள் மட்டும் பயன்பாட்டுக்கு வந்தன.

இதனினும் கடுமையான விளைவு வேறு பக்கத்திலிருந்து வந்தது. சென்னை ஐஐடியில் படித்து, அப்போது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த அரவிந்த் நாராயணனும் அவருடைய வழிகாட்டி விட்டாலி ஷ்மாட்டிகோவும், ஒருவர் மதிப்பிட்ட எட்டுப் படங்களையும் அவற்றின் தேதிகளையும் தோராயமாக அறிந்திருந்தாலே பெயர் நீக்கிய அந்தத் தரவில் அவருடைய பதிவைத் தனியே பிரித்தறிய முடியும் என்று காட்டினர். வழக்கு தொடரப்பட்டது, இரண்டாவது போட்டியை நெட்ஃபிளிக்ஸ் 2010இல் கைவிட்டது. பெயரை நீக்கிவிட்டால் தரவு பாதுகாப்பாகிவிடும் என்ற நம்பிக்கை அத்துடன் தகர்ந்தது.

முடிவெடுக்கும் அதிகாரத்தையே கூட்டத்திடம் கொடுப்பது இன்னொரு வகை இடர். பிரிட்டனின் இயற்கைச் சூழல் ஆய்வு மன்றம் தன் புதிய துருவ ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் கேட்டு 2016இல் நடத்திய வாக்கெடுப்பில், படகைக் குறிக்கும் ‘போட்’ என்ற ஆங்கிலச் சொல்லை வைத்துக் கேலிக்காக முன்மொழியப்பட்ட ‘போட்டி மெக்போட்ஃபேஸ்’ (Boaty McBoatface) என்னும் பெயர் பெருவாரியான வாக்குகளுடன் முதலிடம் பெற்றது. மன்றம் கப்பலுக்கு, இயற்கை பற்றிய ஆவணப்படங்களால் புகழ்பெற்ற டேவிட் அட்டன்பரோவின் பெயரைச் சூட்டி, கேலிப் பெயரைக் கப்பலில் செல்லும் சிறு நீர்மூழ்கிக்கு வைத்துச் சமாளித்தது. விளையாட்டுக் கட்டைகள் தயாரிக்கும் லெகோ நிறுவனத்தின் ஏற்பாடு இதைவிட முன்யோசனை உடையது. ரசிகர் ஒருவர் வடிவமைத்த மாதிரிக்கு 10,000 பேர் ஆதரவு தெரிவித்தால் அது பரிசீலனைக்கு வரும்; தயாரிப்பதா வேண்டாமா என்பதை நிறுவனமே தீர்மானிக்கும்; சந்தைக்கு வந்தால் நிகர விற்பனையில் 1 விழுக்காடு வடிவமைத்தவரைச் சேரும்.

கூலிக்குச் செய்யும் சிறு வேலைகளின் உலகம் தனி. அமேசான் 2005இல் தொடங்கிய ‘மெக்கானிக்கல் டர்க்’ தளத்தில், ஒரு படத்தில் நாய் இருக்கிறதா என்று பார்ப்பது போன்ற நொடி நேர வேலைகளுக்குச் சில சென்ட்டுகள் கொடுக்கப்படுகின்றன. ஃபெய்-ஃபெய் லி தலைமையில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘இமேஜ்நெட்’ என்னும் படத்தொகுப்பு, இந்தத் தளத்தின் வழியாக 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 49,000 பேரின் உழைப்பால் உருவானது. படங்களைக் கணினி அடையாளம் காண்பதில் 2012இல் ஏற்பட்டு, இன்றைய செயற்கை நுண்ணறிவின் எழுச்சிக்கு வழிவிட்ட முன்னேற்றம் அந்தத் தொகுப்பின் மீதே நிகழ்ந்தது. அந்தத் தளத்தில் வேலை செய்வோருள் அமெரிக்கர்களுக்கு அடுத்தபடியாக இந்தியர்கள் மிகுதியாக இருந்தனர். 2018இல் வெளியான ஓர் ஆய்வு 2,676 பேரின் வேலைப் பதிவுகளை அலசி, அவர்களுடைய இடைநிலை வருவாய் மணிக்கு ஏறத்தாழ 2 டாலர் மட்டுமே என்று கண்டது. அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலருக்கு மேல் ஈட்டியவர்கள் 4 விழுக்காட்டினர். வேலை தேடிக் காத்திருக்கும் நேரத்திற்கும், செய்து கொடுத்த பின் நிராகரிக்கப்படும் வேலைக்கும் கூலி கிடையாது என்பதே இதற்குப் பெருங்காரணம். இத்தகைய தளங்களைப் பயன்படுத்தும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து தப்ப முடியாது. மலிவு என்பதே பலரை அங்கே இழுத்துச் சென்றது.

பங்களித்தவருக்கு என்ன கிடைக்கிறது என்பதில் பல்கலைக்கழகங்கள், வணிக நிறுவனங்கள் ஆகிய இரு தரப்பாரின் வழக்கமும் வேறுபடுகிறது. ஃபோல்டிட் விளையாட்டுக் குழுக்களின் பெயர்கள் ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையிலேயே இடம்பெற்றன. வணிகப் போட்டிகளிலோ, பரிசு பெற்றவர் தம் தீர்வின் உரிமையை நிறுவனத்திற்கு எழுதிக் கொடுத்துவிடுவதே வழக்கம். சிலவற்றில் பரிசு பெறாத விடைகளின் உரிமைகூட நிறுவனத்தைச் சேரும் என்ற விதி இருக்கும். கலந்துகொள்ள எண்ணுபவர் பரிசுத்தொகையைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பத்தியைப் படிப்பது நல்லது.

இதில் பங்கெடுத்துப் பார்க்க விரும்பும் தமிழ்நாட்டு வாசகருக்கு மிக அருகில் இருப்பது பறவைகளைப் பதிவு செய்யும் ‘இபேர்ட்’ தளம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் ஆடுபான் என்னும் பறவைப் பாதுகாப்பு அமைப்புடன் சேர்ந்து 2002இல் தொடங்கியது அது. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023இல் வெளியான அறிக்கை, 30,000க்கும் மேற்பட்டவர்கள் அதில் பதிந்த மூன்று கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. பொங்கலையொட்டி ஆண்டுதோறும் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின் பட்டியல்களும் இத்தளத்திற்கே செல்கின்றன. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, எந்தப் பறவை எத்தனை என்று எழுதி, இடத்தையும் நேரத்தையும் சேர்த்துப் பதிவேற்ற வேண்டும். அரிய பறவைகளை மட்டும் எழுதிவிட்டுக் காக்கையையும் மைனாவையும் விட்டுவிடக் கூடாது என்று அங்கே வற்புறுத்துகிறார்கள். பார்த்து அடையாளம் கண்ட அனைத்தும் எழுதப்பட்டிருந்தால்தான், பட்டியலில் இல்லாத பறவை அங்கே தென்படவில்லை என்று ஆய்வாளர் கொள்ள முடியும். சிட்டுக்குருவி ஓர் ஊரில் குறைந்துவிட்டதா என்பதைக் கணக்கிட அந்த இல்லாமையும் ஒரு தரவு. வழக்கத்திற்கு மாறான இனத்தையோ எண்ணிக்கையையோ யாராவது பதிந்தால் தளம் அதைத் தனியே எடுத்து வைக்கும். அந்தப் பகுதியின் பறவைகளை நன்கறிந்த தன்னார்வலர் ஒருவர் புகைப்படமோ விளக்கமோ கேட்டுச் சரிபார்த்த பின்பே அது ஆய்வுக்குச் செல்லும்.